உள்ளதைச் சொன்ன சந்து

பொருள்களே குடியிருந்து, பொருள்களே வரி கட்டி, பொருள்களே ஆண்டுவந்த ஊர் ஒன்று இருந்தது. அங்கே வீடுகளுக்கு வாய் இருந்தது. வண்டிகளுக்கு மனசாட்சி இருந்தது. ஊரை ஆண்டவர் முத்திரை. மரக் கைப்பிடியும் ரப்பர் பாதமும் கொண்ட குள்ளமான பெரியவர். அவர் எதன்மேல் ஏறி நின்று இறங்கினாரோ, அது அன்றுமுதல் உண்மை. அவர் கால் படாதது கண்ணெதிரே நடந்தாலும் நடந்ததாக ஆகாது. அவர் போகுமிடமெல்லாம் மைப்பெட்டியும் போகும். "ஆமாங்க ஐயா" என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவருடைய அலுவலகத்தில் நாடா என்றொருத்தி வேலை பார்த்தாள். உருண்டைக் கூட்டுக்குள் சுருண்டிருக்கும் இரும்பு அளவுநாடா. சாக்கடையின் ஆழம், சாலையின் அகலம், சுவரின் உயரம் என்று எதை அளக்கச் சொன்னாலும் அளப்பாள். ஒரு நூல் கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள். அதோடு அவளுக்கு இன்னொரு குணம் உண்டு. தன்னிடம் யார் எதைச் சொன்னாலும் அது அவள் உடம்பில் கோடாக விழுந்துவிடும். விழுந்த கோடு அழியாது. அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஊரின் கிழக்குக் கடைசியில் ஒட்டுச்சந்து. ஓலைக் குடிசைகளும் தகரக் கொட்டகைகளும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்ற இடம். ஒருவர் தும்மினால் அடுத்தவர் கூரை ஆடும். போன கோடையில் அங்கே தீ வந்தான். இரண்டு குடிசைகளைத் தின்றுவிட்டுத்தான் போனான். மணியடித்துக்கொண்டு ஓடுவதால் எல்லோரும் மணிவண்டி என்று கூப்பிட்ட ஊரின் தீயணைப்பு வண்டி, சந்து முனைவரை ஓடிவந்தான். உள்ளே நுழைய வழியில்லை. வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, எரிகிறவர்கள் கூப்பிடக் கூப்பிட, முனையிலேயே நின்றான்.

அதற்குப் பிறகு அவன் சரியாக இல்லை. சும்மா நிற்கும்போதும் மணி தானாக நடுங்கும். கடைசியில் ஒருநாள் நேராக முத்திரையிடம் போய் நின்றான்.

"ஐயா, எரிய ஆரம்பிச்சப்புறம் ஓடறதுல பிரயோசனம் இல்லீங்க. எங்க எரியும்னு முன்னாடியே தெரியணும். எந்த வீட்டுக் கூரை ஓலை, எந்த வீட்ல எண்ணெய் இருக்கு, தண்ணிக்குழா எவ்வளவு தூரம், எந்திரிச்சு ஓட முடியாதவங்க யார் வீட்ல இருக்காங்க, இதெல்லாம் வீடு வீடாப் போயி கேட்டுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

முத்திரைக்கு யோசனை பிடித்துவிட்டது. பக்கத்து ஊர் எதிலும் இப்படிச் செய்ததில்லை என்பதால் இன்னும் பிடித்துவிட்டது.

"நல்லது. மக்களைக் கேட்டே செய்வோம். நாடாவை அனுப்புங்கள்."

"ஆமாங்க ஐயா," என்றது மைப்பெட்டி.

நாடா ஒட்டுச்சந்துக்குள் காலெடுத்து வைத்ததும் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. முனையில் நின்ற தட்டியான் என்ற மூங்கில்தட்டி வீடு மட்டும் பல்லை இளித்தான்.

"வாங்க வாங்க. நமக்கு ஒரு குறையும் இல்லீங்க. அடுப்பு பத்திரம், ஒயரு பத்திரம். எல்லாம் நல்லாருக்குன்னு போட்டுக்குங்க."

அவன் முதுகுக்குப் பின்னால், கரண்ட் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்த ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. நாடா பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் தட்டியான் நகர்ந்து மறைத்துக்கொண்டான். அவன் சொன்னது சொன்னபடியே கோடாக விழுந்தது.

அடுத்து நின்றது ஒரு தகரக் கொட்டகை. துருவேறிய குரலில் அவன் கேட்டான்: "எதை எடுக்க வந்த?"

"எதையும் எடுக்க வரலண்ணே. கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

"அளக்க வந்தவங்க யாரும் வெறுங்கையோட திரும்பினதில்ல. ஒருத்தன் ரோட்டை அகலம் பண்றேன்னு அளந்தான், எங்க வாசப்படி போச்சு. இன்னொருத்தன் சாக்கடை வெட்றேன்னு அளந்தான், இருந்த வேப்பமரம் போச்சு. சாக்கடையும் வரல. நீ போயிட்டு வா."

இப்படியே வீட்டுக்கு வீடு. வெயில் ஏறியது. நாடாவின் கூடு சுட்டது. இனி ஒரே ஒரு வீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சந்தின் நடுவிலிருந்த கீற்றுக் குடிசையின் முன்னால் வந்து நின்றாள். அந்தக் குடிசையைச் சந்தில் எல்லோரும் கீத்தக்கா என்பார்கள். ஒரு பக்கக் கூரை இன்னும் கருகிக் கிடந்தது.

"போன வருஷம் எரிஞ்சதுல ஒருத்தி என் தங்கச்சி," என்றாள் கீத்தக்கா, நாடா கேட்காமலே. "ரெண்டு பேரும் ஒரே சுவத்துல சாஞ்சிருந்தோம். அவ கை என் மேலதான் இருந்துச்சு. நாந்தான் உதறிட்டேன். உதறலேன்னா நானும் போயிருப்பேன்."



"என்ன கேக்கணுமோ கேளு," என்றாள் கீத்தக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. உள்ளதச் சொன்னா எனக்கு எதுவும் வராதே?"

"வராதுக்கா. என் அளவு மேல சத்தியம். நீங்க சொல்றது உங்களக் காப்பாத்த மட்டும்தான்."

மனசாரத்தான் சொன்னாள். அப்படிச் சொல்லத் தனக்கு என்ன அதிகாரம் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

கீத்தக்கா சொன்னாள். ஸ்டவ் ஒழுகுகிறது, மாற்ற வழியில்லை. கரண்டுக்குக் கொக்கிதான் போட்டிருக்கிறது. மீட்டருக்கு எழுதிப்போட்டு எழுதிப்போட்டு ஓய்ந்துவிட்டது. பின்வாசல் கிடையாது. பின்னால் மாடிவீட்டுக்காரரின் மதில், அதைத் தாண்டினால் தோப்பு, தோப்புக்குள் கிணறு. ஆனால் மதிலில் வழி இல்லை.

"ஓடமுடியாதவங்க யாராச்சும் இருக்காங்களாக்கா?"

"யாரது?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"எங்க மாமியா. மரப்பெட்டி. கால் ஒடிஞ்சு மூலையிலதான் கிடக்குது. நானும் வெளிய தூக்கிட்டுப் போக முடியாது, அதுவும் நகராது."

"யாருடி வந்திருக்கா, கேக்கறேன்ல?"

"கணக்கெடுக்க வந்திருக்காங்க அத்தே."

"சாப்பிட்டாளான்னு கேளு," என்றது பெட்டி.

நாடா புறப்படும்போது கீத்தக்கா கூடவே வந்து தகரத்தின் கதவைத் தட்டினாள். "அண்ணே, இந்தப் பொண்ணு எடுக்க வந்த ஆளாத் தெரியல. போன வருஷம் நம்மள யாரும் கேக்கல, அதான் எரிஞ்சோம். கேக்கறப்பவும் சொல்லலேன்னா அப்புறம் யாரக் குத்தம் சொல்றது?"

 தகரம் கதவை ஒரு கை அளவுக்குத் திறந்து காட்டினான். உள்ளே பீப்பாய்கள். பெயிண்ட் கடைக்காரன் வாடகைக்கு இறக்கி வைத்திருந்த தின்னர். ஒரு பொறி போதும், சந்தே போய்விடும்.

"எனக்குத் தெரியாமயா இருக்கு?" என்றான் தகரம். "இந்த வாடகை இல்லேன்னா கூரை ஓட்டையக்கூட என்னால அடைக்க முடியாது. பயத்தோடதான் படுக்கறேன். போட்டுக்கோ."

அதற்குப் பிறகு சந்து வாயைத் திறந்தது. கேட்டதற்கு மேலும் சொன்னார்கள். நாடா கேட்காத வீடுகூடக் கூப்பிட்டுச் சொன்னது. இதுவரை அவர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டவுடன் எல்லாம் கொட்டியது. நாடாவின் உடம்பில் இடமில்லாத அளவுக்குக் கோடுகள்.

அவளும் மணிவண்டியும் உட்கார்ந்து அவற்றைப் படித்தார்கள். படிக்கப் படிக்க மணிவண்டிக்கு முகம் தெளிந்தது. தெரியாதவரை மலையாக இருந்தது, தெரிந்ததும் கைக்குள் அடங்கிவிட்டது.

"பாரு தங்கச்சி, பெரிய வேலையே இல்ல. பின்னாடி மதில்ல ஒரு கதவு வெச்சாப் போதும், எல்லாரும் தோப்புக்குள்ள ஓடிறலாம். கிணறும் அங்கயே இருக்கு. தகரத்துக்கிட்ட இருக்கிற பீப்பாய வெட்டவெளிக்கு மாத்தணும். கொக்கி போட்டவங்களுக்கு மீட்டர். நான் நுழைய முடியாத சந்துல தள்ளிட்டுப் போற மாதிரி ஒரு சின்னக் கைவண்டி, பம்போட. அப்புறம் தீ வந்தாத்தான் என்ன? தின்னறதுக்கு ஒண்ணும் கிடைக்காது அவனுக்கு."

"பெட்டிம்மாவ?"

"அந்தம்மா வீட்டுக்கு நாந்தான் மொதல்ல போவேன்," என்றான் மணிவண்டி.

இருவரும் முத்திரையின் முன்னால் போய்த் திட்டத்தைச் சொன்னார்கள். அங்கே மாடிவீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார். மூன்று மாடி, பளிங்குத் தரை, கம்பீரமான குரல். முத்திரை நாடாவின் நுனியைப் பிடித்து மேசையின் நீளத்துக்கு இழுத்து விரித்தார். அப்போதுதான் நாடாவுக்கு உறைத்தது. தன்னை இழுத்துப் பிடிக்கிற யார் வேண்டுமானாலும் தன்னைப் படிக்கலாம். யாருக்காகச் சொன்னார்கள், என்ன நம்பிச் சொன்னார்கள் என்பதற்கெல்லாம் அவள் உடம்பில் கோடு இல்லை.

முத்திரை குனிந்து குனிந்து படித்தார்.

"கொக்கி. திருட்டு மின்சாரம். கசியும் அடுப்பு. அனுமதியில்லாத தின்னர். அடடா, எல்லாவற்றையும் அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்களே!"

"ஒப்புக்கல ஐயா," என்றாள் நாடா. "சொன்னாங்க."

"இவ்வளவு ஆபத்தான இடமா என் தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது?" என்றார் மாடிவீட்டுக்காரர். "அதில் என் மதிலை வேறு உடைக்கச் சொல்கிறீர்கள்."

"உடைக்க இல்லீங்க, ஒரே ஒரு கதவு..." என்று மணிவண்டி ஆரம்பித்தான்.

முத்திரை கையமர்த்தினார். "கேள்வி என்ன? ஆபத்தை எப்படி நீக்குவது என்பது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. இருக்கும் இடத்திலிருந்து அதை அகற்றிவிட்டால் தீர்ந்தது. மக்கள் சொன்னதை வைத்தே முடிவெடுக்கிறோம். இதைவிட நியாயம் என்ன வேண்டும்?"

"ஆமாங்க ஐயா."

முத்திரை மைப்பெட்டியில் ஒருமுறை கால் பதித்துக்கொண்டு, நாடாவின் உடம்பில் கீத்தக்காவின் கோட்டின்மேல் ஏறி நின்றார். அடுத்துத் தகரத்தின் கோட்டின்மேல். அப்படியே வரிசையாக. தட்டியானின் கோடு வந்ததும் ஒரு கணம் நின்றார். 'எல்லாம் நல்லாருக்கு.' அதைத் தாண்டிப் போய்விட்டார்.

மறுவாரம் வீடுகளை இடிக்க மண்வாரி வந்தது. மஞ்சள் உடம்பு, நீண்ட ஒற்றைக் கை. அதற்கு யார்மேலும் கோபம் இல்லை. காட்டிய இடத்தில் கையை வைத்தது. காட்டியது நாடா. எந்த வீடு என்று அவள் உடம்பில்தானே எழுதியிருக்கிறது. வரமாட்டேன் என்று அவள் கூட்டுக்குள் சுருண்டுகொண்டபோது, நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

தகரம் திட்டினான். வாய்க்கு வந்தபடி திட்டினான். நாடாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. கீத்தக்கா திட்டவில்லை. கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கீற்றோடு கீற்றாகச் சரிந்தபடி அவளைப் பார்த்தாள்.

"உம்மேல தப்பில்ல பொண்ணே. நீ சரியாத்தான் அளந்த. நாந்தான் அளவில்லாமப் பேசிட்டேன்."

சந்து முனையில் தட்டியான் மட்டும் தன் இடத்தில் அப்படியே நின்றான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். போகிறவர்கள் ஒவ்வொருவரும் அவனை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அவர்களுக்கு ஊர் எல்லையோரம், குப்பைமேட்டுக்குப் பின்னால் இடம் காட்டப்பட்டது. குழாய் இல்லை, விளக்கு இல்லை, பாதையும் இல்லை. கிடைத்ததை வைத்து நின்றுகொண்டார்கள். கீத்தக்காவுக்குப் பழைய ஓலையில் பாதிதான் மிஞ்சியது. மிச்சத்துக்கு யாரோ தூக்கி எறிந்த விளம்பரப் பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு மூடிக்கொண்டாள். அவற்றில் சிரித்த முகங்கள் அச்சாகியிருந்தன. மாமியார்ப் பெட்டியை வழியில் இறக்கி ஏற்றியதில் இன்னொரு காலும் போயிருந்தது. முன்பு தோளில் சாய்ந்து நின்றவர்கள் இப்போது ஒருவர் மடியில் ஒருவராகக் கிடந்தார்கள்.

அந்த வருடம் ஊரெங்கும் முத்திரையின் புகழ்தான். ஆபத்தான பகுதி ஒன்றை ஒரே வாரத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டாராம். அடுத்த வருடம் பனிக்காலம் முடிந்ததும் மறுபடியும் சொன்னார்: "குப்பைமேட்டிலும் கேட்டுவிடுவோம். நாடாவை அனுப்புங்கள்."

நாடா போனாள். இந்த முறை எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. எல்லா வாசலிலும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"அடுப்பு?"

"பத்திரமா இருக்குங்க."

"ஒயர்?"

"கரண்டே இல்லீங்களே. சாயங்காலமானா படுத்துருவோம்."

பேசிக்கொண்டே ஒருவன் காலால் ஒரு சாக்கை ஒயரின் மேல் தள்ளினான். தகரத்தின் வாசலில் தின்னர் வாடை மூக்கைத் துளைத்தது. குப்பைமேட்டுப் பக்கம் வாடகை இன்னும் குறைவு என்று கடைக்காரன் இரண்டு மடங்கு இறக்கியிருந்தான்.

"உள்ள என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணே..."

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன். எல்லாம் நல்லாருக்குன்னு போட்டுக்குங்க," என்றான் தகரம். தட்டியான் சொன்ன அதே வார்த்தை, எழுத்துக்கூட மாறவில்லை.

கீத்தக்கா அவளை மரியாதையாக வரவேற்றாள். போன முறை 'பொண்ணே' என்றவள் இந்த முறை 'வாங்க மேடம்' என்றாள். நாடாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"அக்கா, எனக்குத் தெரியுது. ஸ்டவ் வாடை வருது. பெட்டிம்மா உள்ள இருமுறது கேக்குது."

"இங்க எந்தப் பெட்டியும் இல்லீங்க."

"இந்தத் தடவ நான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். சத்தியம் செய்ய அவளிடம் இப்போது எதுவும் மிச்சமில்லை.

கீத்தக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். அளக்காத. இதுக்கு அந்தாண்ட போறதுக்கு எங்களுக்கு இடமில்ல பொண்ணே."

ஒரு கணம் நாடாவுக்கு மணிவண்டியின் முகம் நினைவுக்கு வந்தது. இன்னொரு கணம் மண்வாரியின் கை. பார்த்ததை எழுதினால் இவர்கள் நிற்க இடமிருக்காது. சொன்னதை எழுதினால் தீ வரும்போது யாருக்கும் எதுவும் தெரியாது. நாடா வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டாள். ஆபத்து இல்லை. ஆபத்து இல்லை. ஆபத்து இல்லை.

முத்திரை அதன்மேல் மகிழ்ச்சியோடு ஏறி நின்றார். "பார்த்தீர்களா? கேட்டுச் செயல்பட்டதன் பலன்."

அன்று மாலையே நாடா மணிவண்டியைத் தேடிப்போனாள். "அண்ணே, எல்லாம் பொய். தகரத்துக்கிட்ட போன தடவையவிட அதிகமா இருக்கு. கீத்தக்கா வீட்ல பெட்டிம்மா ரெண்டு காலும் இல்லாமக் கிடக்கு. நீங்க இந்தக் கோடை பூரா குப்பைமேட்டுப் பக்கம் போயி நின்னுக்குங்க."

மணிவண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னைய மாடிவீட்டுத் தெருவுல நிக்கச் சொல்லி உத்தரவு. குப்பைமேட்டுல ஆபத்து இல்லேன்னு முத்திரை விழுந்திருச்சு. ஆபத்துன்னு முத்திரை விழாத இடத்துக்கு நான் போயி நின்னா என் சக்கரத்தக் கழட்டிருவாங்க. நீ எழுதிக் குடு, இப்பவே போறேன்."

"எழுதிக் குடுத்தா அவங்களத் தொரத்திருவாங்களே."

"எழுதிக் குடுக்கலேன்னா என்னால நகர முடியாதே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருவரும் நல்லவர்கள். இருவருக்கும் உண்மை தெரியும். அதனால் எந்தப் பயனும் இல்லை.

கத்திரி வெயிலில், பட்டப்பகலில் தீ வந்தான்.

புகையைப் பார்த்ததும் மணிவண்டி உத்தரவுக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டான். ஆனால் மாடிவீட்டுத் தெரு ஊரின் அந்தக் கோடி. அவன் ஊரைக் குறுக்கே கடந்து வருவதற்குள் நாடா ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குள் தகரத்தின் பின்பக்கம் வெடித்திருந்தது. தீ எந்த வீட்டிலும் தடுமாறவில்லை. வாசலில் நின்று யோசிக்கவில்லை. எங்கே ஓலை, எங்கே எண்ணெய், எங்கே ஒயர் என்று பிறந்து வளர்ந்த இடம்போலப் போய்க்கொண்டிருந்தான்.

"நில்லு!" என்று கத்தினாள் நாடா. "உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

தீ திரும்பிப் பார்த்தான். அவன் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. "நான் யாரையும் எதுவும் கேக்கறதில்லம்மா. அதனால எங்கிட்ட யாரும் பொய் சொல்றதில்ல."

சொல்லிவிட்டுக் கீத்தக்காவின் கூரைமேல் ஏறினான். பிளாஸ்டிக் விரிப்பு உருகிச் சொட்டியது. கீத்தக்கா நினைத்திருந்தால் தப்பியிருக்கலாம். இந்தப் பக்கம் சாய்ந்து, பாதியை உதறிவிட்டு, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அவள் உதறவில்லை. மூலையிலிருந்த பெட்டியின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். "யாருடி வந்திருக்கா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கீத்தக்கா என்ன பதில் சொன்னாளோ, நாடாவுக்குக் கேட்கவில்லை.

மணிவண்டி வந்து சேர்ந்தபோது அணைப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் வயிற்றில் இருந்த தண்ணீர் முழுவதையும் கொட்டினான். கொட்டி முடித்த பிறகும் குழாயைக் கீழே போடவில்லை.

சாம்பல் ஆறியதும் முத்திரை வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு மைப்பெட்டியும் வந்தது. மாடிவீட்டுக்காரரிடமிருந்து இரக்கத்தோடு ஒரு பழைய போர்வை வந்தது.

"நாம் கேட்டோம். இவர்கள் மறைத்துவிட்டார்கள்," என்றார் முத்திரை. "கேட்டபோது பொய் சொன்னவர்கள், பொருளை மறைத்தவர்கள், ஆளை மறைத்தவர்கள் யாராக இருந்தாலும் இனி ஊர் எல்லைக்குள் இருக்க முடியாது. முதலில் இழப்பைக் கணக்கெடுப்போம். நாடாவை அனுப்புங்கள்."

நாடா போனாள். கோடு விழ அவள் உடம்பில் இடம் இருந்ததோ இல்லையோ, போனாள்.

முத்திரை சொன்னதைக் கேட்டுக்கொண்டு மிஞ்சியவர்கள் ஒரு பக்கமாக நின்றிருந்தார்கள். தகரம் ஒரு பக்கம் உருகி நெளிந்து, ஒற்றைக் கண்ணோடு நின்றான். அவனுக்குப் பின்னால் கீத்தக்கா நின்ற இடம். அங்கே கருத்த ஒரு வட்டம், நடுவில் ஒரு மரப்பெட்டியின் இரும்புப் பூட்டு.

"அண்ணே," என்றாள் நாடா.  "அந்த வீட்ல யாரெல்லாம் இருந்தாங்க?"

"எந்த வீட்ல?"

"கீத்தக்கா வீட்ல."

தகரம் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். அவர்கள் அவனைப் பார்த்தார்கள். யாரோ ஒருவரின் தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்றவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். தகரத்தின் உடம்பு முழுவதும் காற்றில்லாமலே தடதடத்தது. ஆனால் குரல் தடுமாறவில்லை.

"அப்படி யாரும் இங்க இருந்ததில்லீங்க. அது வெத்து இடம்."

"அண்ணே, நான் நாடாண்ணே."

"தெரியும். போட்டுக்குங்க."

நாடா எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கண்ணில் ஒரு துளி இல்லை. அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

குப்பைமேட்டைத் தாண்டி அவள் தலை மறையும்வரை அவர்கள் அப்படியே நின்றார்கள். அதற்குப் பிறகுதான் பின்னாலிருந்து ஒப்பாரி எழுந்தது.